எமுலேட்டர் ஸ்கோர் போட்டியில் அழுகுணி ஆட்டம்: கேள்வி பதில்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டி கேம்களைக் கணினியில் ஓட்டுகிற மென்பொருள்தான் மேம் எமுலேட்டர். அதில் அந்தக் கேம்களுக்கு ஸ்கோர் போட்டி நடத்துகிறவர்களும் ஆடுகிறவர்களும் கேட்டவை.

கேள்வி: கடைசி ஸ்கோரை போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா?

பதில்: போதாது. சீட் (ஆட்டத்தின் விதியை மாற்றும் ஏமாற்று வசதி) போட்டு சாகாமலே ஆடியிருந்தாலும் போட்டோ ஒரே மாதிரிதான் இருக்கும். மேமில் ரெக்கார்ட் வசதி இருக்கிறது. அது படத்தைப் பிடிக்காது, எந்த ஃப்ரேமில் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) எந்தப் பட்டனை அமுக்கினீர்கள் என்பதை மட்டும் ஐஎன்பி கோப்பில் எழுதிவைக்கும். அதை நடுவர் தன் கணினியில் ஓட்டினால் மொத்த ஆட்டமும் மறுபடி நடக்கும். சீட் போட்டு ஆடியவர் சீட் இல்லாத நடுவரின் மேமில் அநேகமாக பாதியிலேயே செத்துவிடுவார்.

கேள்வி: அண்ணா, ஒருத்தர் அனுப்பிய டாங்கி காங் கேம் ரெக்கார்டிங்கை ஓட்டினால் மரியோ ஏணியே இல்லாத இடத்தில் ஏறப் பார்த்துச் சாகிறான். ஆள் கள்ளனா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அவருடைய மேம் பதிப்பும் உங்களுடையதும் ஒன்றுதானா, ரோம் (கேமின் நிரல் கோப்பு) ஒன்றுதானா என்று பாருங்கள். சில கேம்கள் பழைய ஸ்கோரையும் செட்டிங்கையும் என்விராம் கோப்பில் வைத்திருக்கும், அது மாறினாலும் ஆட்டம் தடம் மாறும். அதனால்தான் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்வது. நானே இப்படி ஓர் அப்பாவியைச் சந்தேகப்பட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஆடினால் ரெக்கார்டிங்கில் தெரியுமா?

பதில்: நல்ல கேள்வி, திரையில் பார்த்தால் தெரியாது. பட்டன் கணக்கு ஃப்ரேமை வைத்துத்தான், கடிகாரத்தை வைத்து அல்ல. ஆகவே நிதானமாக ஆடியதும் திரும்ப ஓட்டும்போது முழு வேகத்தில் சாதனை மாதிரி தெரியும். இந்த மாதிரி தில்லுமுல்லுகளைத் தடுக்க உல்ஃப்மேம் என்று தனி மேம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் ரெக்கார்ட் ஆகும்போது சீட், சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை நடுவில் சேமித்து அங்கிருந்தே மறுபடி ஆடுவது), ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் எதுவும் வேலை செய்யாது. ஆனால் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, விஷயம் தெரிந்தவன் அந்தப் பூட்டைக் கழற்றி மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். முதல் இரண்டு மூன்று இடங்களுக்கு கையும் திரையும் சேர்ந்து தெரிகிற வீடியோவும் கேளுங்கள்.

கேள்வி: பட்டனைத் தானே தட்டிக்கொடுக்கும் ஆட்டோஃபயரை எப்படிப் பிடிப்பது? எங்கள் போட்டியில் ட்ராக் அண்ட் ஃபீல்டு.

பதில்: ஓட ஓட பட்டனைத் தட்டுகிற கேம், ஆசை வரத்தான் செய்யும். ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். நொடிக்கு சுமார் 60 ஃப்ரேம். மனிதக் கை ஒரு தட்டுக்கு 4 ஃப்ரேம், அடுத்ததற்கு 5, அப்புறம் 4, களைத்தால் 7 என்று போகும். மெஷின் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஜப்பானில் தகாஹாஷி மெய்ஜின் என்ற கேம் வல்லுநர் நொடிக்கு 16 தட்டுக்குப் பேர்போனவர்.

கேள்வி: டாங்கி காங் சாதனைகளுக்குப் பேர்போன அமெரிக்கர் பில்லி மிட்செல் விஷயமும் இதுதானே?

பதில்: அது தலைகீழ். எமுலேட்டரில் ஏமாற்றினார் என்பதல்ல புகார், அசல் ஆர்கேட் பெட்டியில் ஆடியதாகச் சொன்ன டாங்கி காங் டேப்கள் எமுலேட்டரில் எடுத்தவை என்பது. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்தின் இரும்புச் சட்டங்கள் திரையில் வரையப்படும் விதம் அசலில் ஒரு மாதிரி, மேமில் வேறு மாதிரி, அதை வைத்துத்தான் கிளப்பினார்கள். 2018 ஏப்ரலில் கேம் சாதனைகளைப் பதிவுசெய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு அவர் ஸ்கோர்களை எடுத்துவிட்டது. அவர் மறுத்தார், 2020-ல் கின்னஸ் அவர் சாதனைகளைத் திரும்பச் சேர்த்தது, ட்வின் கேலக்ஸீஸ் மீது அவர் போட்ட வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்தது.

கேள்வி: எங்கள் ஆள் ஒருவர் ஸ்கோரை ஒளித்துவைத்து கடைசி ஐந்து நிமிடத்தில் அனுப்புகிறார் சார், தடை செய்யலாமா?

பதில்: அது கள்ளத்தனம் இல்லை, குசும்பு. நானும் செய்வேன்.