குட்டி வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள்

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு வீடு, இரண்டு மாதக் குட்டி, வீட்டில் யாரும் இதற்கு முன் நாய் வளர்த்ததில்லை. சாப்பாடு, குளியல், பழக்குவது எல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பக்கத்து ஆள்தான். என் முதல் குட்டி ஒன்பதே நாளில் போய்விட்டது. அதிலிருந்தே சொல்கிறேன்.

டவுனில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினேன். "ஊசியெல்லாம் போட்டாச்சு தம்பி" என்றார். ஊசிப் புத்தகத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நாற்றம் தாங்காமல், ஆடி மாதத் தூறலில், பைப் தண்ணீரில் குளிப்பாட்டினேன். ஆறாம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. பிறகு வாந்தி, பிறகு இரத்தமாகப் பேதி. குளிர் பிடித்துத்தான் செத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். இல்லை, அது பார்வோ. ஊசி போடாத குட்டிகளைக் கொண்டுபோகும் வைரஸ். ஆனாலும் புது இடத்தில் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் குளிர்த் தண்ணீரில் நனைத்தது என் தப்புதான், அதை நான் மறுப்பதில்லை.

அதனால் முதல் வேலை மிருக வைத்தியர். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, நாலு மாதம் ஆகும்வரை. அது முடியும்வரை மற்ற நாய்கள் சுற்றும் ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு போகலாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டை பிளீச் போட்டுக் கழுவினாலும் வாசல் மண்ணை என்ன செய்வது? நான் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்துதான் என் இரண்டாவது குட்டி மணியைக் கொண்டுவந்தேன். பூச்சி மருந்தும் அவசியம். வயிற்றுப் பூச்சி தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்துக் கொடுப்பார்கள். விசர்நாய் ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அய்யாவிடம் கேட்டால் சொல்வார்.

குளியலுக்கு அவசரமே இல்லை. முதல் இரண்டு வாரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். பிறகு மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கும் நாளில், நடுப்பகலில், நாய்க்கான ஷாம்பு போட்டு. நம்முடைய சோப்பு அதன் தோலை வறட்டி, சொறிய வைத்துவிடும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. துவாயால் துடைத்து அடுப்பங்கரையில் உட்கார வைத்து அடிமயிர்வரை காயவிடுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், வயிற்றுப் பக்கம் கை வைத்தால் ஈரமாகவே இருக்கும். படுக்கையைச் சிமெந்துத் தரையில் போடாதீர்கள். கீழே ஒரு பலகை, அதன்மேல் பழைய கம்பளி. முதல் சில இரவு பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த அறை வீட்டுக்காரர்) சுவரைத் தட்டும் அளவுக்குக் கத்தும். சுடுதண்ணீர்ப் போத்தலை துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உங்கள் கட்டிலுக்கு அருகிலேயே படுக்க விடுங்கள்.

இனிச் சாப்பாடு. நம் வீடுகளில் நாய்ச் சோறு என்றால் என்ன? மிஞ்சின சோற்றில் கறித் தண்ணியை ஊற்றிப் பிசைந்து வைப்பது. சிக்கலே அந்தக் கறித் தண்ணியில்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் கொடுத்தால் ஒன்றும் தெரியாது, தினமும் சேரும்போது குட்டி சோர்ந்து, முரசு (பல் ஈறு) வெளுத்துப் போகும். லீக்ஸும் அதே குடும்பம். நம் பக்கம் தோட்டம் தோட்டமாக விளைகிற மரக்கறி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சொக்லட், முந்திரிகைப் பழம் (திராட்சை), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), வடித்த தேயிலைச் சக்கை, இவையும் ஆகாது. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பை எடுக்காமல் போடாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பால்மா கரைத்துக் கொடுத்தால் அனேகமான குட்டிகளுக்குப் பேதிதான்.

நான் மணிக்குக் கொடுத்தது: குட்டிகளுக்கான தீனியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தது பாதி, மறுபாதி குழைய வேகவைத்த சோறு, எலும்பு நீக்கிய கோழி, பூசணி அல்லது கரட், உப்பும் தூளும் இல்லாமல். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை. முழுக்கத் தீனியே வாங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனால் வெறும் சோறும் கறியும் மட்டும் கொடுத்தால் கல்சியம் போதாமல் முன்னங்கால் வளையும், பக்கத்து லயத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம்வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, அப்புறம் இரண்டு. உணவை மாற்றினால் ஒரு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வாரம் விடாமல் மணிக்கு வயிறு சரியில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்கிறோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், கொழுந்து பறிக்கப் போகுமுன் விடியற்காலையில் அம்மா தன் ரொட்டியில் பாதியை வெங்காயம் போட்ட சம்பலோடு கொடுத்துக்கொண்டிருக்கிறார். "பாவம், பாத்துக்கிட்டே இருக்கு." சண்டை போட்டுப் பயனில்லை. சம்பல் தொடாத ஒரு துண்டு ரொட்டி மட்டும் என்று உடன்படிக்கை ஆனது.

வீட்டுக்குள் மூத்திரம் போவதைப் பற்றி. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போங்கள். மூக்கைத் தரையில் தேய்த்துச் சுற்றிச் சுற்றி வந்தால் அதுதான் சைகை, ஓடுங்கள். போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு கோழி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைக்கும். இரவில் ஒருமுறை எழுந்தே ஆகவேண்டும். மழைக் காலத்தில் மணி வெளியே கால் வைக்க மறுத்தான். இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரத்தில் அரிசிச் சாக்கை விரித்து, மேலே புல்லோடு வெட்டின மண் கட்டியை வைத்தேன், பழகிவிட்டான். உரச் சாக்கு வேண்டாம், நக்கித் தொலைக்கும். உள்ளே போய்விட்டால் வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். வாடை இருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான், நீங்கள் பார்க்காதபோது கட்டிலுக்கு அடியில் போக வேண்டும் என்பது.

நாலாம் மாதம் பால்பல் விழத் தொடங்கும்போது செருப்பு, கதவு, உங்கள் விரல் எல்லாம் கடிபடும். குளிரவைத்த பெரிய கரட் ஒன்றைக் கொடுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். விரலைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். நான் "இரு" என்பேன், தங்கச்சி "சிட்" என்பாள், மணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். பல் விழும்வரை காத்திராமல், இப்போதிருந்தே தப்பு மேளச் சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழைக் கோட்டுப் போட்ட ஆட்கள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டிப் பழக்க வேண்டும்.

தேயிலை மலைக்குள் போய் வந்தால் விரல் இடுக்கு, காது மடலின் உள்பக்கம், அக்குள் பாருங்கள். அட்டை இருந்தால் நகத்தால் வழித்துவிடலாம். ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் உள்ளே அட்டை புகுந்திருக்கலாம், நீங்களாக எதையும் ஊற்றாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தடித்த மலைப் பக்கமும் மரக்கறித் தோட்டப் பக்கமும் விடாதீர்கள். காய்ச்சல் மாதிரித் தெரிந்தால் பெனடோல் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, வளர்ந்தபிறகு இரவில் வெளியில் கட்டிவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எங்கள் மேல் லயத்தில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த நாயை ஒரு நாள் இரவு சிறுத்தை கொண்டுபோய்விட்டது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) போனவர்கள் பார்த்தபோது சங்கிலி மட்டும் கிடந்தது. மணி ஆறரை மணிக்கே உள்ளே வந்துவிடுவான், கதவைச் சாத்துவது அம்மாவின் வேலை.