மேற்குப் பால்கனியில் ஃபியூஷியா மொட்டு உதிர்த்தால்

குன்னூரில் தொட்டியில் வளர்க்கும் ஃபியூஷியா பூச்செடி மொட்டு உதிர்க்கிறது, உரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரம் வேண்டாம், தொட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பதினொரு மணிக்கு மேல் நிழல். குன்னூரில் ஏப்ரல், மே மாதங்களுக்கு அது போதும்.

மேற்குப் பால்கனி என்று எழுதியிருக்கிறீர்கள். மொட்டு உதிர அதுதான் காரணமாக இருக்கும். பிற்பகல் வெயிலில் தொட்டி சூடாகி வேர் தவிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மதியம் மூன்று மணிக்குத் தொட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் சந்தேகமே இல்லை. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வேர் அழுகும். நிழலுக்கு நகர்த்துங்கள், மாலைக்குள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

அதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடவும் கூடாது. தண்டு நீண்டு இலையாகவே வளரும், பூ வராது. நான் ஒரு வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்.

ஜூனில் மேகம் கவிந்ததும் இன்னும் வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தலாம். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க வெயில் பட்டாலும் பரவாயில்லை, உறைபனி இரவுகளில் மட்டும் கூரைக்கடியில் வையுங்கள். பல ரகங்கள் பகல் நீளமான மாதங்களில்தான் நன்றாகப் பூக்கும், அதனால் டிசம்பர், ஜனவரியில் பூ குறைந்தால் பயப்படாதீர்கள்.