குன்னூர் ஆபீஸுக்கும் கோவை ஆபீஸுக்கும் உற்பத்தித்திறன் ஏன் வேறுபடுகிறது?

மென்பொருள், தணிக்கை போல அறிவை விற்கும் நிறுவனங்களில் உற்பத்தித்திறன் எளிய கணக்குதான். வருமானம் 50 லட்சம், வெளியே வாங்கியவற்றுக்கு 10 லட்சம், ஆட்கள் 8 என்றால், மீதி 40 லட்சத்தை எட்டால் வகுக்க, தலைக்கு 5 லட்சம்.

ஊருக்கு ஊர் இது மாற முக்கியக் காரணம் அக்கம்பக்கம். குன்னூரில் தேயிலை ஏலம் நடப்பதால் தரகர், ருசி பார்ப்பவர், வாங்குபவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். கோவை ஆடிட்டருக்குப் பெரிய கம்பெனிகளும் தேர்ந்த ஆட்களும் அப்படித்தான். ஆனால் குன்னூர் மலையில் கணக்கு வேலைக்கு அந்த அக்கம்பக்கம் இல்லை: ஜிஎஸ்டி தெரிந்தவரே சம்பளப் பட்டியலும் போடுவார், லாட்ஜ் கணக்கும் பார்ப்பார்; எதிலும் முழு வேகம் வராது.

அப்புறம் துறை. மென்பொருளை ஒருமுறை எழுதிப் பலருக்கு விற்கலாம். தணிக்கை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் செய்ய வேண்டியது.

எண் குறைந்தால் மலைக்காரர் சோம்பேறி என்பது தப்புக்கணக்கு: கட்டணம் குறைவான ஊரில் அதே உழைப்புக்கும் எண் குறைவாகத்தான் வரும்.