மெக்ரெகர் என்றால் மேய்ப்பனா, மன்னனா?

கேள்வி: சண்டை வீரர் கானர் மெக்ரெகர், நடிகர் யூவன் மெக்ரெகர் என்று திரும்பிய பக்கமெல்லாம் மெக்ரெகர். 'மேய்ப்பனின் மகன்' என்று பொருள், ஸ்காட்லாந்து அரச வம்சத்தின் பெயர் என்று ஒரு வலைத்தளத்தில் படித்தேன். அந்த நாட்டில் மிகப் பிரபலமான குடும்பப் பெயர் இதுதானா? குலச் சின்னம் போட்ட காப்பிக் குவளைகூட விற்கிறார்கள். கொஞ்சம் விளக்குங்களேன்.
— வாசகர், மதுரை

பதில்: ஆடு மேய்த்தவர் மகனா, அரசர் மகனா என்று அந்த வலைத்தளக்காரர் முதலில் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். இரண்டுக்குமே ஆதாரம் கிடையாது.

பொருளைச் சட்டென்று முடித்துவிடலாம். 'மாக்' என்றால் ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் மகன். மாக், மெக் இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, மற்றது அயர்லாந்துக்காரர்களுடையது என்பதெல்லாம் கட்டுக்கதை. கிரெகர் என்பது கிரெகரி. 'விழித்திருப்பவர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்து, போப்பாண்டவர்கள் பலர் சூடிக்கொண்டதால் ஐரோப்பா முழுக்கப் பரவிய பெயர். லத்தீனில் மந்தைக்கு 'கிரெக்ஸ்' என்பார்கள். காதுக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று யாரோ எப்போதோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அங்கிருந்துதான் உங்கள் மேய்ப்பன் வந்தார்.

அரச வம்சக் கதையை மெக்ரெகர்களே சொல்லிக்கொள்வார்கள். 'என் குலம் அரச குலம்' என்பதுதான் அவர்களுடைய குல வாசகம். ஒன்பதாம் நூற்றாண்டு மன்னர் கென்னத் மக்ஆல்பினின் தம்பி வழியில் வந்தவர்களாம். ஆவணம் என்று தேடிப்போனால் 1390-இல் இறந்த ஒற்றைக்கண் இயான் என்பவரோடும் அவருடைய அப்பா கிரெகரோடும் தடம் நின்றுவிடுகிறது. அந்த அப்பாதான் குலத்துக்குப் பெயர் தந்தவர். வசித்தது மேற்கு மலைநாட்டில், கிளெனார்க்கிப் பள்ளத்தாக்கை ஒட்டி.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருவோம். மிகப் பிரபலமானதா? இல்லை. ஸ்காட்லாந்தில் ஸ்மித்தான் முதலிடம். பிரவுன், வில்சன், கேம்பெல், ஸ்டூவர்ட் எல்லாம் மேலே வரும். முதல் பத்தில் மெக்ரெகரைத் தேடாதீர்கள். உங்கள் உதாரணத்திலேயே யூவன் மட்டும்தான் ஸ்காட்லாந்துக்காரர், கானர் டப்ளின்காரர். ஆனால் இந்தப் பெயரை எண்ணிக்கையில் அளக்கப் பார்ப்பதே தப்பு, ஏனென்றால் ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக, 'என் பெயர் மெக்ரெகர்' என்று சொல்வது அந்த நாட்டில் மரண தண்டனைக்குரிய குற்றம்.

மிகைப்படுத்தவில்லை. பரம்பரையாக இருந்த நிலத்துக்கு மெக்ரெகர்களிடம் அரசு பட்டயம் இல்லை; அக்கம்பக்கத்துக் கேம்பெல்களிடம் இருந்தது. கத்தி வைத்திருந்தவனைவிடக் காகிதம் வைத்திருந்தவன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். நிலம் போனவர்கள் மாட்டுக் கொள்ளையில் இறங்கினார்கள், அதுவும் சாமானியக் கொள்ளையில்லை. 1602 கடைசியில் கஹூன் குலத்தாரின் ஊரில் புகுந்து சூறையாட (ஆங்கில எழுத்தைப் பார்த்து இந்தப் பெயரைக் கல்கஹவுன் என்று படித்துவிடாதீர்கள்), பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண்கள் ரத்தம் தோய்ந்த சட்டைகளை ஏந்திக்கொண்டு ஸ்டெர்லிங்கில் இருந்த ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸின் முன் போய் நின்றார்கள் என்று சொல்வார்கள். மன்னர் பழிவாங்கக் கஹூன்களுக்கு அதிகாரம் கொடுத்தார். 1603 பிப்ரவரி 7-ஆம் தேதி கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் சண்டை. எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் கஹூன்கள் தோற்றார்கள். செத்தவர்கள் 140 பேர் என்பது குற்றப்பத்திரிகைக் கணக்கு.

அந்த நேரம் பார்த்து இங்கிலாந்து ராணி எலிசபெத் இறந்துபோக, வாரிசான ஜேம்ஸ் லண்டன் சிம்மாசனத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3-ஆம் தேதி, மன்னரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் உத்தரவு போட்டது: மெக்ரெகர் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது, அந்தப் பெயர்க்காரர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், மீறினால் சாவு. பின்னால் வந்த சட்டங்கள் இன்னும் விசித்திரம். முன்பு மெக்ரெகராக இருந்தவர்கள் நான்கு பேருக்கு மேல் கூடக் கூடாது. சாப்பாட்டில் இறைச்சி அறுக்க முனையில்லாத கத்தி ஒன்று வைத்துக்கொள்ளலாம், வேறு ஆயுதம் கிடையாது. 1633-இல் வந்த சட்டப்படி பாதிரியார் ஆண் குழந்தைக்குக் கிரெகர் என்று ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, பத்திர எழுத்தர் அந்தப் பெயரில் பத்திரம் எழுதக் கூடாது.

குலத் தலைவர் அலஸ்டேருக்கு நடந்ததைக் கேளுங்கள். ஆர்கைல் பிரபு (இவரும் ஒரு கேம்பெல்) அவரிடம், 'உன்னைப் பத்திரமாக ஸ்காட்லாந்து மண்ணை விட்டு வெளியே அனுப்பிவைக்கிறேன்' என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்: காவலோடு எல்லை ஊரான பெரிக் வரை கூட்டிப்போய், இங்கிலாந்து மண்ணில் கால் வைக்கவிட்டு, அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கு. கூடவே தூக்கிலிடப்பட்டவர்களைவிட ஓர் ஆள் உயரம் மேலே அவரைத் தொங்கவிட்டார்கள், தலைவர் என்ற மரியாதைக்கு. இதைக் குறித்து வைத்தவர் அந்தக் காலத்து எடின்பரோ நாட்குறிப்பாளர் ஒருவர். தூக்கு மேடையில்கூட பந்தி முறை பார்த்திருக்கிறார்கள்!

சரி, மிச்சமிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? மர்ரே, டிரம்மண்ட், கிராண்ட், ஸ்டூவர்ட், கிரஹாம் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்துகொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் கேம்பெல் ஆனவர்களும் உண்டு. பிரதிபலிப்புத் தொலைநோக்கியை 1663-இல் வடிவமைத்துக் காட்டிய ஜேம்ஸ் கிரெகரியின் அபர்டீன் குடும்பமும் தங்கள் மூலம் மெக்ரெகர்தான் என்று சொல்லிக்கொண்டது. ஆக, நீங்கள் பார்க்கும் 'பிரபலமான குடும்பப் பெயர்கள்' பட்டியலில் மர்ரே, ஸ்டூவர்ட் கணக்கில் எத்தனை மெக்ரெகர் ரத்தம் ஓடுகிறது என்று எந்தப் பட்டியல்காரரும் சொல்ல முடியாது. அதனால்தான் பெயர்ப் பட்டியல் போடும் தளங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

மன்னர் இரண்டாம் சார்லஸ் 1661-இல் தடையை நீக்கினார். 1693-இல் மூன்றாம் வில்லியம் ஆட்சியில் மறுபடி போட்டார்கள். ராப் ராய் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், மாட்டு வியாபாரி, கடன்காரர், கலகக்காரர். அவர் பிறப்பால் மெக்ரெகர், ஆனால் இந்த இரண்டாவது தடையால் அம்மா வழிப் பெயரான கேம்பெல் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார். 1734-இல் அவர் செத்து 40 வருஷம் கழித்து, 1774-இல்தான் சட்டம் ஒரேயடியாக ரத்தானது. அப்புறம் 826 பேர் கையெழுத்துப் போட்டுத் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் ஜான் மர்ரே, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். மெக்ரெகர்களின் தலைவர் மர்ரே! அவர் குடும்பம் பிற்பாடு மெக்ரெகர் என்ற பெயருக்கே திரும்பிவிட்டது.

குவளை விஷயம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி குலமரபுச் சின்னம் என்பது தனி ஒருவருக்கு வழங்கப்படுவது. ஒரு பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுச் சொத்து இல்லை. இதைக் கண்காணிக்க லார்ட் லயன் நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அபராதம் போடும் அதிகாரத்தோடு. குலத்தார் அணிவது தலைவரின் சின்னத்தை வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்த பதக்கம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. காப்பி குடிக்க எந்தக் குவளையும் போதும்.

அரச வம்சம் என்றதும் இன்னொரு மெக்ரெகர் ஞாபகம் வருகிறார். கிரெகர் மெக்ரெகர், 1786-இல் பிறந்தவர், தென் அமெரிக்க விடுதலைப் போரில் அதன் தலைவர் சீமோன் பொலிவாரின் பக்கம் சண்டை போட்டவர். லண்டனுக்குத் திரும்பி, மத்திய அமெரிக்கக் கடற்கரையில் 'போயாய்ஸ்' என்ற நாட்டுக்குத் தானே அதிபதி என்று அறிவித்து, கடன் பத்திரம் விற்றார், நிலம் விற்றார், அந்த நாட்டுக்கு நோட்டுகூட அச்சடித்தார். நம்பி 1822-23-இல் இரண்டு கப்பலில் ஏறிப்போன சுமார் 250 பேர், பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள், இறங்கிப் பார்த்தால் வெறும் காடு. காய்ச்சலில் பாதிக்கு மேல் செத்தார்கள். அவருக்கு ஒரு தண்டனையும் இல்லை. பாரிஸுக்குப் போய் அங்கேயும் அதே வியாபாரத்தைத் தொடங்கினார், கைதாகி விடுதலையும் ஆனார். கடைசியில் வெனிசுவேலா அவருக்கு ஓய்வூதியம் கொடுத்து, 1845-இல் கராகஸில் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது.