பாரிசவாதம்: மாதம் ஒருமுறை பிசியோதெரபி போதுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "58 வயதான அம்மாவுக்கு ஐந்து வாரங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபிக்கு மாதம் ஒருமுறைதான் கூட்டிப்போக முடிகிறது. பயன் உண்டா?"

அந்த ஒரு நாளை நீங்கள் பயிற்சியைக் கற்றுக்கொள்ளும் நாளாக ஆக்கிக்கொண்டால் நிச்சயம் பயனுண்டு. மூளையில் பழுதடைந்த பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் ஏற்கப் பழகுவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான். முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருப்பதால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் பார்த்துக்கொள்பவரே கூடப்போய், சிகிச்சையாளர் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையாளர் சம்மதித்தால், இஸ்தோப்பில் உறுதியான கதிரையொன்றைச் சுவரோடு போட்டு, இரு பாதங்களும் தரையில் படிய அம்மாவை உட்காரவைத்து, முன்னுக்குச் சாய்ந்து எழும்பி மெதுவாக உட்காரப் பழக்குங்கள். நீங்கள் வலப்பக்கம் நில்லுங்கள். பத்துத் தடவை, நாளுக்குச் சில வேளை. விரல்கள் சிறிதாவது அசைந்தால், வெறும் கோப்பையைப் பிடித்து விடச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை தோள்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதாலும் விழுந்த கையைப் பிடித்து இழுப்பதாலும் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். எண்ணெய் தடவுவதில் தவறில்லை. உருவி இழுக்க விடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையைத் தலையணைமேல் வையுங்கள். பிளேன்டீ குடிக்கையில் இருமினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். நீராகாரம் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது. தோட்டங்களுக்கு அருகிலேயே இருக்கவேண்டிய சேவைக்கு இந்த விலை நியாயமே அல்ல. ஆகவே, தங்கிச் சிகிச்சை பெற வழியுண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்: கண்டி மாவட்டத்தில் திகனையிலும், கொழும்புக்கு அருகே ராகமையிலும் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. பேச்சும் குழறினால், அம்மா வாழ்நாளெல்லாம் பேசிய தமிழிலேயே பயிற்சி நடக்கவேண்டும் என்பதால், தமிழ் பேசும் ஒருவர் கூட இருப்பது அவசியம்.

பிரஷர் மாத்திரை முடியுமுன் கிளினிக் கொப்பியோடு போய் வாங்கிவிடுங்கள். மறுபடி வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும், மலைப்பாதையில் அது சீக்கிரம் கழிந்துவிடும்.