பருவம் திறக்கும் நாளும் சிறுபடகுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மீன்பிடிப் பருவம் தொடங்கும் தேதியை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆண்டுதோறும் அது ஏன் மாறுகிறது?

பதில்: சட்டத்தில் ஒரு தேதி எழுதப்பட்டிருந்தாலும், கடலில் உள்ள உயிரினத்தின் நிலைதான் கடைசியில் முடிவு செய்கிறது. ஓடு கழற்றிய நண்டுக்குப் புது ஓட்டுக்குள் சதை நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பிடித்தால் விலையும் கிடைக்காது, கடலில் திருப்பி விட்டாலும் பல பிழைப்பதில்லை. இதனால் அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலக் கரைகளில் டஞ்சனஸ் என்ற வகை நண்டின் சதை அளவைச் சோதித்த பிறகே பருவத்தைத் திறக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2015 நவம்பரில் தொடங்க வேண்டிய நண்டுப் பருவம், நுண்பாசியிலிருந்து வரும் டொமோயிக் அமிலம் என்ற நஞ்சு நண்டில் காணப்பட்டதால், 2016 மார்ச் இறுதி வரை தள்ளிப்போனது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவிலோ, ஆறு ஏறும் சால்மன்களைக் கரையோரக் கோபுரங்களில் நின்று எண்ணி, முட்டையிடப் போதுமானவை ஏறிவிட்டனவா என்று பார்த்தே திறப்பை அறிவிக்கிறார்கள். ஆகவே தேதியை நம்பிக் கடன் வாங்குவதைவிட, சோதனை முடிவுகளைத் தொடர்ந்து கவனிப்பதே நல்லது.

கேள்வி: பருவத்தில் பிடிக்க அனுமதித்த மொத்த அளவையும் பெரிய படகுகள் சில நாட்களிலேயே அள்ளிவிடாதா? படகுவாரியாகப் பங்கு பிரித்தால் எங்களுக்கு நன்மையா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டைமீன் பிடிப்பில் 1990-களின் தொடக்கத்தில் பருவம் ஓரிரு நாள் திறப்புகளாகச் சுருங்கி, புயல் வீசினாலும் கடலுக்குப் போயே ஆக வேண்டிய நிலை வந்தது. பிடித்த மீன் ஒரே நேரத்தில் கரையில் குவிந்ததால் விலையும் சரிந்தது. 1995-இல் தனிநபர் பங்கு நடைமுறைக்கு வந்ததும் பருவம் ஏறத்தாழ எட்டு மாதங்களாக நீண்டது. ஆனால் விற்கக்கூடிய பங்கு நாளடைவில் பணம் உள்ளவரிடமே போய்ச் சேரும்; புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர் பங்கை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். எனவே படகின் நீளத்தை வைத்துத் தனிப் பிரிவு அமைத்து, அந்தப் பிரிவுக்குள் மட்டுமே பங்கு கைமாறலாம் என்ற விதியோடு வந்தால்தான் நான் அதை ஆதரிப்பேன். பங்கு பிரிக்காமலே வாராந்தரப் பிடி வரம்பு வைப்பதும் ஒரு வழி. மீனைப் பதப்படுத்தும் ஆலைகளும் அதனால் திணறுவதில்லை.

கேள்வி: திறப்பு நாளன்று காற்று பலமாக இருந்தால் என்ன செய்வது?

பதில்: கனடாவின் தென்மேற்கு நோவா ஸ்கோஷியாவில் சிங்கிறால் பருவம் நவம்பரின் கடைசித் திங்களன்று தொடங்குகிறது. காற்று மணிக்கு 25 கடல்மைலுக்கு மேல் வீசும் என்று முன்னறிவிப்பு வந்தால் அதைத் தள்ளிவைக்கிறார்கள். கூண்டுகளை மேல்தளத்தில் அடுக்கிச் செல்லும் படகு தலைகனத்து எளிதில் கவிழும் என்பதே காரணம். உங்கள் பகுதியில் இவ்வாறு தள்ளிவைக்கும் விதி இல்லையென்றால், சங்கத்தின் வழியாக அதைத்தான் முதலில் கேளுங்கள்.

கேள்வி: எந்தெந்த ஆவணங்கள் தேவை?

பதில்: உரிமம், அந்த ஆண்டுக்கான நிபந்தனைத் தாள், கூண்டு அல்லது வலைக்குரிய அடையாள வில்லைகள், பிடிப் பதிவேடு. நிபந்தனைத் தாள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், பழையதை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பருவத்தின் நடுவே திடீரென மூடிவிட்டால், கடலில் கிடக்கும் கூண்டுகள் என்ன ஆகும்?

பதில்: குறித்த நேரத்துக்குள் நீங்களே எடுத்துவிட வேண்டும். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், அழியும் நிலையில் உள்ள ரைட் திமிங்கலங்கள் தென்பட்டால், அவை கயிற்றில் சிக்காதபடி அந்தப் பகுதியை மூடி, கூண்டுகளை அகற்றச் சொல்கிறார்கள். பெரிய படகு இதைச் சமாளித்துவிடும். சிறுபடகுக்குப் பல நடை ஆகும். ஓரிரு நடையில் திரும்ப எடுக்க முடிந்த அளவுக்கே கூண்டுகளைப் போடுங்கள்.