ஓ-யூ-ஜி-ஹெச் வரும் பழைய ஆங்கிலச் சொற்களை உச்சரிக்க ஏதாவது விதி உண்டா?

முழு விதி கிடையாது. அதற்காக, "ஆங்கிலத்துக்கு ஒழுங்கே இல்லை, மனப்பாடம் பண்ணு" என்று கைகழுவுகிறவர்களை நம்பிவிடாதீர்கள். சொல் விளையாட்டுக்கோ தேர்வுக்கோ கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கெழுத்துக்குப் பின்னால் டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அநேகமாக 'ஆட்'தான்: தாட், பாட், ஃபாட். டபிள்யூ-ஆரில் தொடங்கும் ராட்டும் அப்படியே. 'வொர்க்' என்பதன் பழைய இறந்தகால வடிவம் அது, தேனிரும்பைச் சொல்லும் ராட் அயர்னில் இன்றும் இருக்கிறது. தப்புகிறவை இரண்டு: வறட்சியைச் சொல்லும் ட்ரவுட், வீரமுள்ளவரைச் சொல்லும் டவுட்டி.

டி இல்லையென்றால்தான் வம்பு. முன்னால் சி-எல் வந்தால் க்ளஃப், வட இங்கிலாந்தின் செங்குத்தான சிறு பள்ளத்தாக்கு. சி-ஹெச் வந்தால் ச்சஃப், சிவந்த அலகும் சிவந்த காலுமுள்ள காக்கை இனப் பறவை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் சின்னத்திலேயே இருக்கும் இந்தப் பறவை அங்கே அற்றுப்போய், 2001இல் தானாகத் திரும்பியது. எல் மட்டும் என்றால் அயர்லாந்தின் ஏரி, லாக். கடைசி ஒலியை ஆய்தம்போலத் தொண்டையில் உரச வேண்டும். ஹெச் மட்டும் என்றால் ஹாக், விலங்கின் பின்னங்கால் மூட்டு.

எஸ்-எல் வந்தால் பொருள் தெரியாமல் வாயே திறக்க முடியாது. சேற்று நிலம் ஸ்லவ், பாம்பு உரித்த சட்டை ஸ்லஃப். அமெரிக்கர்கள் சதுப்பை ஸ்லூ என்பார்கள். எஸ் மட்டும் வந்தால் காற்றின் முனகல். அதை ஸவ் என்பவரும் உண்டு, ஸஃப் என்பவரும் உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களில் நீர் வடிக்கத் தோண்டிய குகைவழிக்கும் இதே எழுத்துகள்தான், அங்கே ஸஃப்.

காரணம் இதுதான். ஜி-ஹெச் ஒருகாலத்தில் உண்மையாகவே தொண்டையில் ஒலித்த எழுத்து. பிற்பாடு சில சொற்களில் அந்த ஒலி மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆனது. 1476இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல இறுகிக்கொண்டது, ஒலி தன் போக்கில் போனது.

"வழக்கொழிந்த சொல்லை வைத்து என்ன செய்ய?" என்று சிலர் வருவார்கள். தேவையில்லாதவர்கள் விட்டுவிடலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் ஒரு பிள்ளை இதில் தடுமாறினால் சிரிக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலேயர்களே தடுமாறியிருக்கிறார்கள். விக்கலுக்கு ஹிக்கப் என்ற எழுத்து ஒழுங்காக இருந்தது. இருமலுக்கான காஃப் என்ற சொல்லோடு உறவு என்று நினைத்து அதன் வாலில் இந்த நான்கெழுத்தை ஒட்டினார்கள். அப்படி எழுதியிருந்தாலும் ஹிக்கப் என்றே படியுங்கள்.

ஊர்ப்பெயருக்கு இதெல்லாம் செல்லாது. லஃப்பரா என்ற ஊரின் பெயரில் இந்த நான்கெழுத்து இரண்டு முறை வருகிறது, முதலில் 'அஃப்', கடைசியில் வெறும் 'அ'. ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.